கூப்பிடு தூரத்தில் கவிழ்ந்த கப்பல்: டாஃப்னி, 1883

1883 ஜூலை 3 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை ஒட்டிய கோவன் பகுதியில், லின்ட்ஹவுஸ் கப்பல் கட்டும் தளத்திலிருந்து டாஃப்னி என்ற சிறிய நீராவிக் கப்பல் கிளைட் ஆற்றில் இறக்கப்பட்டது. இறங்கிய சில நிமிடங்களில் இடப்பக்கமாகக் கவிழ்ந்து மூழ்கியது. கப்பலில் சுமார் 200 தொழிலாளர்கள் இருந்தார்கள். 124 பேர் இறந்தார்கள்.

அன்று புயல் இல்லை. வேறு கப்பல் எதுவும் மோதவில்லை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வேலை தெரிந்தவர்கள் நிறைந்த ஓர் ஆற்றங்கரையில் இது நடந்தது. அந்தத் தளத்தில் அன்று யாரும் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் செய்ததையே இதற்கும் செய்தார்கள். இந்த நிகழ்வை எடுத்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம். உரிமையாளர்கள், மேலாளர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் இங்கே தேவையில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும் போதும்.

பின்னணி: கிளைட் ஆறும் அந்த ஆண்டும்

விக்டோரியா அரசியின் ஆட்சியின் பிற்பகுதியில் உலகின் கப்பல் பட்டறையாக இருந்தது கிளைட் ஆறு. இரும்பிலிருந்து எஃகுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல்களுக்கான தேவை பெருகியிருந்தது. 1883இல் மட்டும் கிளைட் தளங்கள் 4 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நீரில் இறக்கின. ஆற்றின் இரு கரைகளிலும் சறுக்குத்தளங்கள் காலியாக இருந்ததே இல்லை என்று சொல்லலாம். ஒன்று இறங்கியவுடன் அதே இடத்தில் அடுத்த கப்பலின் அடிக்கட்டையைப் போட்டார்கள்.

லின்ட்ஹவுஸ் தளம் அலெக்சாண்டர் ஸ்டீபன் அன்ட் சன்ஸ் நிறுவனத்துடையது. தலைமுறைகளாகக் கப்பல் கட்டிய குடும்பம். 1870 வாக்கில் ஆற்றின் தென்கரையிலுள்ள இந்த இடத்துக்கு வந்தார்கள். டாஃப்னி அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. சுமார் 460 டன், 177 அடி நீளம், 25 அடி அகலம். கிளாஸ்கோவுக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஓட வேண்டிய கப்பல். அட்லாண்டிக் கடக்கும் பெருங்கப்பல்கள் மீது விழும் கண் இதன் மீது விழுந்திருக்காது.

கப்பலை நீரில் இறக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டும் காலம் முழுவதும் கப்பலின் எடை அடியிலுள்ள கட்டைகள் மீது நிற்கும். இறக்கும் நாளுக்கு முன் அந்த எடையை மரத் தொட்டில் ஒன்றின் மீது மாற்றுவார்கள். கொழுப்பு பூசிய சரிவுப் பாதையின் மீது அந்தத் தொட்டில் அமர்ந்திருக்கும். கடைசி முட்டுக்கட்டையைத் தட்டிவிட்டால் கப்பல் தன் எடையாலேயே பின்புறம் முன்னாகச் சறுக்கி ஆற்றில் இறங்கும். கிளைட் குறுகலான ஆறு. இறங்கிய வேகத்தில் எதிர்க்கரையில் போய் மோதாமல் இருக்க, இரு பக்கமும் சங்கிலிகளில் நங்கூரங்களைப் பிணைத்து இழுவை கொடுப்பார்கள். அவை தரையில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும்.

சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்த இறக்கம்தான் ஒரு கப்பலின் வாழ்க்கையில் மிக விசித்திரமான கட்டம். அதுவரை நிலத்தில் நின்ற ஒன்று முதன்முறையாகத் தன் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு இல்லை, நிலக்கரி இல்லை, தொட்டிகளில் தண்ணீர் இல்லை. மேல்தளக் கட்டுமானங்களோ பெரும்பாலும் ஏறிவிட்டிருக்கும். எடை மேலே, வெறுமை கீழே.

முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, தொழிலாளர்களைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு இறக்குவது. கப்பல் இறங்கிய பிறகும் உள்ளே மாதக்கணக்கான வேலை மிச்சமிருக்கும்: தச்சு வேலை, குழாய் வேலை, இயந்திரப் பொருத்து வேலை. இறக்கத்துக்காக எல்லாரையும் வெளியேற்றி, பிறகு கப்பலைக் கட்டிவைத்த இடத்தில் மீண்டும் ஏற்றினால் அரை நாளாவது போகும். ஆகவே வேலையை நிறுத்தாமலே இறக்குவது வழக்கமாகியிருந்தது. கூடவே ஒரு நெருக்கடியும் இருந்தது. ஜூலை நடுவில் வரும் கிளாஸ்கோ ஃபேர் விடுமுறையில் தளங்கள் அனைத்தும் மூடிவிடும். அதற்குள் கப்பலை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், அன்று வழக்கத்தை விடவும் அதிகமானோர் ஏறியிருந்தார்கள். அவர்களில் தொழில் பழக வந்த சிறுவர்களும் பலர்.

அந்தச் சிறுவர்களை நினைக்காமல் இந்த இடத்தைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. கப்பலோடு சறுக்கி ஆற்றில் இறங்குவது ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிய பெருமையாக இருந்திருக்கும். சிலருடைய உறவினர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, உள்ளே கிடந்த பொருள்களைக் கட்டி வைக்காமல் விட்டது. பலகைகள், கருவிப் பெட்டிகள், இரும்புத் துண்டுகள், பொருத்தக் காத்திருந்த பாகங்கள் எல்லாம் தளங்களில் அப்படியே கிடந்தன. வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவற்றைக் கட்டி வைக்க முடியாது. முதல் முடிவு தானாகவே இரண்டாவதைக் கொண்டுவந்துவிட்டது.

மூன்றாவது ஒரு முடிவே அல்ல, எடுக்கப்படாமல் போன முடிவு. எடையற்ற, பாதி முடிந்த நிலையில் இந்தக் கப்பல் எவ்வளவு சாய்ந்தால் தானே நிமிரும், எவ்வளவுக்கு மேல் சாய்ந்தால் நிமிராது என்பதை யாரும் கணக்கிடவில்லை. கப்பலின் அடியில் பாரம் வைக்க வேண்டுமா என்ற கேள்வியும் அதனாலேயே எழவில்லை. அக்காலத்து வணிகக் கப்பல் தளங்களில் இப்படிக் கணக்கிடும் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை. இதே அளவுக் கப்பல்கள் முன்பு நன்றாக இறங்கின, இதுவும் இறங்கும் என்பதே நம்பிக்கை.

அன்று முற்பகல்

கப்பல் சரியாகவே சறுக்கத் தொடங்கியது. நீரில் முழுவதும் இறங்கும்வரை பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

பிறகு இழுவை நங்கூரங்கள் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. வலப்பக்க நங்கூரம் 6 அல்லது 7 கெஜம் மட்டுமே நகர்ந்தது. இடப்பக்க நங்கூரம் ஏறத்தாழ 60 கெஜம் இழுபட்டுச் சென்றது. ஒரு பக்கம் பிடித்து நிற்க, மறுபக்கம் பிடி விட்டது. கப்பலின் முன்னேற்றம் எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. ஆற்றின் ஓட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது.

இந்த அளவு சாய்வு எத்தனையோ கப்பல்களுக்கு ஏற்பட்டிருக்கிறது. சாய்ந்து, ஒரு கணம் தயங்கி, நிமிர்ந்துவிடும். டாஃப்னி நிமிரவில்லை. கட்டப்படாத பொருள்கள் தாழ்ந்த பக்கம் சரிந்தன. நிற்பதற்குப் பிடி கிடைக்காத மனிதர்களும் அதே பக்கம் சரிந்தார்கள். 200 பேரின் எடையைச் சராசரியாக 60 கிலோ என்று வைத்துக்கொண்டாலே 12 டன். அத்தனையும் ஒரு சிறிய, வெற்றுக் கப்பலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சாய்வு கூடும். சாய்வு கூடினால் இன்னும் அதிகம் சரியும். ஆழமான நீரில் கப்பல் இடப்பக்கமாகப் படுத்து மூழ்கியது.

மேல்தளத்தில் இருந்தவர்கள் ஆற்றில் எறியப்பட்டார்கள். கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு வெளியே வர வழியே கிடைக்கவில்லை. ஆற்றைக் கடக்கும் படகு உட்பட, அருகிலிருந்தவை எல்லாம் மீட்கப் போயின. சுமார் 70 பேர் காப்பாற்றப்பட்டார்கள். அடுத்து வந்த நாள்களில் முக்குளிப்பவர்கள் கப்பலுக்குள் இறங்கி உடல்களை எடுத்து வந்தார்கள். கோவனிலும் எதிர்க்கரையிலும் ஒரே தெருவில் பல வீடுகளில் சாவு விழுந்தது.

விசாரணை

அரசு விசாரணையை சர் எட்வர்ட் ரீட் நடத்தினார். இந்தத் தேர்வு கவனிக்கத்தக்கது. 1863 முதல் 1870 வரை பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளராக இருந்தவர் அவர். அதே 1870இன் செப்டம்பரில் கேப்டன் என்ற போர்க்கப்பல் ஸ்பெயின் கரைக்கு அப்பால் இரவில் கவிழ்ந்து, ஏறத்தாழ 480 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் வடிவத்தை எதிர்த்து வாதிட்டவர் ரீட். கப்பல் சிறிது சாயும்போது உறுதியாக இருப்பது வேறு, நிறையச் சாய்ந்தபின்னும் நிமிரும் ஆற்றல் வேறு என்பதைக் கேப்டனின் சாவுகள் கடற்படைக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. 13 ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாடம் வணிகத் தளங்களின் வாசலைத் தாண்டவில்லை.

கிளைட் கரையில் முதலில் எழுந்த பேச்சு நங்கூரங்களைப் பற்றியது. கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். ஒன்று பிடித்தது, ஒன்று பிடிக்கவில்லை. பழுதான சங்கிலியைக் காட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரீட் அங்கே நிற்கவில்லை. இழுவை சமமில்லாமல் போனது கப்பலைச் சாய்த்திருக்கலாம். ஆனால் சாய்ந்த கப்பல் ஏன் நிமிரவில்லை? அவருடைய அறிக்கை மூன்று காரணங்களைச் சேர்த்துச் சொன்னது: கப்பலின் தொடக்க உறுதி மிகக் குறைவு, கட்டப்படாத பொருள்கள் அளவுக்கு அதிகம், கப்பலில் இருந்தவர்களும் அளவுக்கு அதிகம்.

தொடக்க உறுதி குறைவு என்பது என்ன? வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே எடைக்கு மணல் மூட்டைகளை வண்டியின் அடித்தட்டில் பரப்பினால் மேடு பள்ளத்தில் வண்டி சாய்ந்து சாய்ந்து போகுமே தவிரக் கவிழாது. வைக்கோலை உயரமாக அடுக்கினால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே போதும். எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கப்பலில் இன்னொன்றும் சேர்கிறது. சாயும்போது நீரில் அமிழும் பகுதியின் வடிவம் மாறும். அந்த மாற்றம்தான் கப்பலை நிமிர்த்தித் தள்ளும் விசையைத் தருகிறது. எடை மையம் உயர்ந்திருந்தால் அந்த விசை சிறிதளவு சாய்வுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

அக்காலத்தில் பலரும் நம்பியது இதற்கு நேர்மாறானது. சுமையில்லாத கப்பல் நீருக்கு மேலே உயரமாக நிற்கிறது, அதன் பக்கச் சுவர் நீரில் அமிழ நிறையச் சாய வேண்டும், ஆகவே அது பாதுகாப்பானது என்று நினைத்தார்கள். பாரம் ஏற்றிய கப்பலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்களே தவிர வெற்றுக் கப்பலைப் பற்றி அல்ல. டாஃப்னி அந்த நம்பிக்கையை உடைத்தது.

விசாரணை தளத்தின் உரிமையாளர்கள் மீது குற்றம் காணவில்லை. அவர்கள் செய்தது ஆற்றங்கரையில் எல்லாத் தளங்களும் செய்தது. இந்த முடிவை மூடிமறைப்பு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மூடிமறைப்பு என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. காரணங்களை இவ்வளவு தெளிவாகச் சொன்ன அறிக்கையை மறைப்பு என்று சொல்வது கடினம். ஆனால் கணவனையும் மகனையும் இழந்த ஒரு பெண்ணுக்கு, "எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்" என்ற விடை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாளியின் தவறைத் தொழிலாளி நிரூபித்தால்தான் இழப்பீடு என்பதே அன்றைய சட்டத்தின் நிலை. தவறை நிரூபிக்காமலே இழப்பீடு பெற வழி செய்த சட்டம் பிரிட்டனில் 1897இல்தான் வந்தது. வழக்கம் என்ற சொல் முதலாளிக்குக் கேடயமாகவும் குடும்பத்துக்குப் பூட்டிய கதவாகவும் இருந்தது.

என்ன மாறியது

உடனே வந்த மாற்றம் எளிமையானது. கப்பல் இறங்கும்போது, இறங்கியபின் அதைக் கட்டி நிறுத்தத் தேவையானவர்கள் மட்டுமே மேலே இருக்க வேண்டும். மற்றவர்கள் இறங்கிவிட வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. செலவு அரை நாள் வேலைதான். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. அந்த ஒரே ஒரு விதி ஜூலை 2 அன்று இருந்திருந்தால், கப்பல் அப்படியே கவிழ்ந்திருந்தாலும் 124 பேரில் பெரும்பாலோர் மாலையில் வீடு திரும்பியிருப்பார்கள்.

இரண்டாவது மாற்றம் மெதுவாக வந்தது, ஆனால் ஆழமாகப் போனது. அதே 1883இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டுமானக் கலைக்கு ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. மறைந்த கப்பல் கட்டுநர் ஒருவரின் மனைவியான இசபெல்லா எல்டர் அதற்கு நிதி கொடுத்தார். முதல் பேராசிரியர் பிரான்சிஸ் எல்கர். அவர் டாஃப்னி எழுப்பிய கேள்வியைக் கையிலெடுத்து, நீரில் அமிழும் ஆழம் மாறும்போது நிமிரும் ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கிட்டு 1884இல் வெளியிட்டார். வெற்றுக் கப்பலின் உறுதி எதிர்பார்ப்பதை விட விரைவில் தீர்ந்துபோகக்கூடும் என்பது கணக்கில் தெரிந்தது. படிப்படியாக, இறக்கும் நாளின் நிலைக்கென்றே தனியாகக் கணக்குப் போடுவது தளங்களின் வரைவு அறைகளில் வழக்கமானது. கப்பலின் எடை என்ன, அதன் மையம் எங்கே, எவ்வளவு அடிபாரம் வேண்டும் என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டன.

15 ஆண்டுகள் கழித்து, தேம்ஸ் கரையில்

1898 ஜூன் 21 அன்று லண்டனில் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் தளத்தில் ஆல்பியன் என்ற போர்க்கப்பல் இறக்கப்பட்டது. 12,950 டன் கப்பல். யார்க் கோமகள் இறக்கி வைத்தார். பார்க்க வந்த கூட்டம் சுமார் 30,000. பக்கத்தில் ஜப்பானுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஷிகிஷிமா கப்பலை ஒட்டி, தொழிலாளர்களுக்கென்று ஒரு மரப்பாலம் இருந்தது. ஆபத்து என்ற எச்சரிக்கையையும் மீறிச் சுமார் 200 பேர் அதன் மீது ஏறி நின்றார்கள். ஆல்பியன் நீரில் இறங்கியபோது எழுந்த அலை அந்தப் பாலத்தை உடைத்தது. ஆரவாரத்தில் அவர்களுடைய அலறல் பலருக்குக் கேட்கவே இல்லை. குறைந்தது 34 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கப்பல் ஒழுங்காக இறங்கியது. கப்பலில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாஃப்னி கற்றுக்கொடுத்தது அனைத்தும் பின்பற்றப்பட்டிருந்தாலும் அந்த 34 பேரைக் காப்பாற்றியிருக்காது. கப்பலின் மீது யார் நிற்கிறார்கள் என்று கேட்கக் கற்றிருந்தார்கள். கரையில் யார், எதன் மீது நிற்கிறார்கள், இவ்வளவு பெரிய எடை ஒரு குறுகிய நீர்ப்பரப்பில் இறங்கும்போது அலை எங்கே போகும் என்ற கேள்விகள் அப்போதும் கேட்கப்படவில்லை.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

லின்ட்ஹவுஸில் அன்று பொறுப்பில் இருந்தவர்களின் இடத்தில் இன்றைய அறிவோடு என்னை வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. ஆகவே அன்றைக்கே கையில் இருந்ததை மட்டும் வைத்துச் சொல்கிறேன். கப்பலைச் சிறிது சாய்த்துப் பார்த்து அதன் எடை மையத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அன்றைக்கே அறியப்பட்டது. கேப்டன் கப்பலின் பாடம் அச்சில் இருந்தது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், டம்பார்டனில் இருந்த டென்னி நிறுவனம் கப்பல் மாதிரிகளைச் சோதிக்க ஒரு நீர்த்தொட்டியையே அந்த ஆண்டில் கட்டி முடித்தது. அறிவு சில மைல் தொலைவில் இருந்தது. சிறிய கப்பலுக்கு அவ்வளவு வேண்டாம் என்ற எண்ணம்தான் இடையில் நின்றது. ஆனால் சிறிய கப்பலில்தான் 12 டன் மனித எடை பெரிய எடை.

முதலில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டால், கணக்கை அல்ல, ஆட்களை ஏற்றி இறக்கும் வழக்கத்தை என்பேன். கணக்கு தவறலாம், நங்கூரம் தவறலாம். கப்பல் காலியாக இருந்தால் தவறு கப்பலோடு போகும். அடுத்து, அவிழ்ந்து கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் கட்டிய பிறகே முட்டுக்கட்டையைத் தட்டுவது. அதற்கு அடுத்துத்தான் அடிபாரமும் கணக்கும்.

மூழ்கிய டாஃப்னியை ஆற்றிலிருந்து தூக்கி எடுத்தார்கள். பழுது பார்த்து முடித்து, ரோஸ் என்று பெயர் மாற்றி ஓட விட்டார்கள். இறந்தவர்களுக்கு இன்று ஆற்றின் இரு கரைகளிலும் நினைவுச் சின்னங்கள் உள்ளன. வடகரையில் விக்டோரியா பூங்காவில் ஒன்று. தென்கரையில் எல்டர் பூங்காவில் ஒன்று. அந்த எல்டர் பூங்கா 1885இல் கோவன் மக்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர், பல்கலைக்கழகத்தில் அந்தப் பேராசிரியர் பதவிக்கு நிதி கொடுத்த அதே இசபெல்லா எல்டர்.